வீட்டில் ஓடும் டிசைன், காலேஜில் ஆன் செய்தால் சீனியர்களின் டிராஃபிக் லைட் ஆகிவிடுகிறது (பேசிஸ் 3 போர்டு)

மாங்கனி_03 | வியாழன், இரவு 10:52

வணக்கம். இ.சி.இ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு காவேரிப்பட்டணம், காலேஜ் தர்மபுரி பக்கம். மினி ப்ராஜெக்ட்டுக்காக லேபில் கையெழுத்துப் போட்டு ஒரு பேசிஸ் 3 போர்டு வாங்கி வந்திருக்கிறேன் (எஃப்.பி.ஜி.ஏ. போர்டு, அதாவது நாம் எழுதுகிற சர்க்யூட்டாகவே மாறிக்கொள்ளும் சிப் வைத்தது). அப்பா மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். சீசனில் கன்வேயரில் போகிற கிரேடுகளை (மாம்பழம் வைக்கும் பெட்டிகள்) ஒருவர் நின்றுகொண்டே நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணுவாராம், அந்த இடத்தில் ஒரு ஐ.ஆர். சென்சார் வைத்து போர்டின் செவன் செக்மென்ட்டில் எண்ணிக்கை காட்டுவதுதான் என் டிசைன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, வெரிலாக்கில் (சர்க்யூட்டை எழுதும் மொழி) 120 வரி வரும்.

விவாடோவில் (அந்த சிப்புக்கு டிசைன் செய்யும் மென்பொருள்) சிந்தசிஸ், இம்ப்ளிமென்டேஷன், பிட்ஸ்ட்ரீம் (சிப்பில் ஏற்றும் பிட் ஃபைல்) எல்லாம் எரர் இல்லாமல் முடிகிறது. ஹார்டுவேர் மேனேஜரைத் திறந்து ஆட்டோ கனெக்ட், அப்புறம் ப்ரோக்ராம் டிவைஸ். டிசைன் ஏறிவிட்டது என்று காட்டும் டன் எல்.இ.டி. எரிகிறது, சென்சார் முன்னால் கையை ஆட்டினால் 1, 2, 3 என்று அழகாக ஏறுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஆஃப் செய்து பையில் போட்டு, காலையில் பஸ் ஏறி, லேபில் கைடு முன்னால் சுவிட்சைப் போட்டால் என் டிசைனையே காணோம். யாரோ சீனியர்கள் செய்த டிராஃபிக் லைட் ஓடுகிறது! செவன் செக்மென்ட்டில் 30, 29, 28 என்று இறங்கிக்கொண்டே போகிறது. நேற்றும் இதே கதை, இன்றும் இதே கதை. "வீட்டில் ஓடுச்சு சார்னு எல்லாரும்தான் சொல்றாங்க" என்று கைடு சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கேயே மறுபடி ஏற்றலாம் என்றால் லேப் கம்ப்யூட்டரில் போர்டு தெரிவதே இல்லை, டிரைவர் போட அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். என் லேப்டாப்பில் பேட்டரி சுத்தமாகப் போய்விட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும், அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ரிவ்யூ. போர்டு கெட்டுப்போய்விட்டதா, நான் ஏதாவது விட்டுவிட்டேனா?

---

ஓசூர்_பழைய_சால்டர் | வியாழன், இரவு 11:31

தம்பி, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னபடி கேட்கிறது, நீதான் முழுதாகச் சொல்லவில்லை.

கேபிள் வழியாக ப்ரோக்ராம் டிவைஸ் கொடுக்கும்போது பிட் ஃபைல் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறாயா? நேராக எஃப்.பி.ஜி.ஏ. சிப்புக்குள் போகிறது. அந்த ஆர்டிக்ஸ் 7 சிப்புக்குள் இருக்கும் கான்ஃபிகரேஷன் மெமரி எஸ்ரேம் வகை. கரண்ட் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். சுவிட்சை அணைத்த அந்த நொடியே உன் கவுண்டர் போய்விட்டது, பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே. வாசலில் போட்ட கோலம் மாதிரி என்று வைத்துக்கொள், மறுநாள் தண்ணீர் தெளித்தால் வெறும் தரை.

அப்படியென்றால் சீனியர்களின் டிராஃபிக் லைட் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? அதே போர்டில் 32 மெகாபிட், அதாவது 4 மெகாபைட் ஃப்ளாஷ் சிப் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் போனாலும் அதில் எழுதியது போகாது. அந்த பேட்ச் ஆட்கள் விவரமாக அதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நம்ம ஊர் மியூசியத்தில் வரிசையாக நிற்கிற நடுகல் மாதிரி. ஆன் செய்தவுடன் எஃப்.பி.ஜி.ஏ. வெறும் சிலேட்டாக எழுந்திருக்கிறது, யாரிடம் டிசைன் வாங்குவது என்று ஜே.பி.1 என்று அச்சடித்த ஜம்பரை (கழற்றி மாற்றி வைக்கிற சின்ன மூடி) பார்க்கிறது. அதில் மூன்று இடம் உண்டு: ஜேடாக் (கேபிள்), க்யூ.எஸ்.பி.ஐ. (அந்த ஃப்ளாஷ்), யு.எஸ்.பி. (பென்டிரைவ்). உன் போர்டில் அது கட்டாயம் க்யூ.எஸ்.பி.ஐ.யில்தான் இருக்கும், எழுந்து பார்த்துவிட்டு வந்து சொல். அதனால்தான் ஃப்ளாஷில் இருப்பதை எடுத்து ஓட்டுகிறது. ஜம்பரை ஜேடாக்கில் வைத்திருந்தால் ஆன் செய்தவுடன் ஒன்றுமே ஓடாமல் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்திருந்தால் உனக்கு விஷயம் முதல் நாளே விளங்கியிருக்கும், இந்த டிராஃபிக் லைட் வந்துதான் குழப்பிவிட்டது.

இன்னொன்று, ஜம்பர் எந்த இடத்தில் இருந்தாலும் கேபிள் வழியாக ஏற்றுவது வேலை செய்யும், உள்ளே ஏற்கெனவே ஓடுவதன் மேலேயே எழுதிவிடும். வீட்டில் ஒரு குறையும் தெரியாததற்கு அதுதான் காரணம்.

ஆக, உன் டிசைனை ஃப்ளாஷில் எழுது. பிட்ஸ்ட்ரீம் செட்டிங்ஸில் பின் ஃபைல் என்ற டிக் இருக்கும் (பைனரி, கால் இல்லை), அதைப் போட்டு மறுபடி ஜெனரேட் செய். ஹார்டுவேர் மேனேஜரில் சிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஆட் கான்ஃபிகரேஷன் மெமரி டிவைஸ் கொடு, ஃப்ளாஷ் சிப்பைத் தேர்ந்தெடு, அந்த பின் ஃபைலைக் காட்டு. அவ்வளவுதான். நான் ஐ.எஸ்.இ. (விவாடோவுக்கு முந்தைய மென்பொருள்) காலத்து ஆள், அப்போது ஸ்டார்ட்அப் கிளாக்கை ஜேடாக்குக்கு ஒன்று, ஃப்ளாஷுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் ஃப்ளாஷில் எழுதிய பிறகும் போர்டு செத்த மாதிரி கிடக்கும், பாதி ராத்திரி அதிலேயே போகும். உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

---

ஒகேனக்கல்_பரிசல் | வியாழன், இரவு 11:44

எல்லாம் சரி அண்ணா, நடுகல்லை அழித்து எழுத முடியாதே. ஃப்ளாஷை லட்சம் தடவை அழித்து எழுதலாம் :)

---

ஓசூர்_பழைய_சால்டர் | வியாழன், இரவு 11:47

உவமை சொன்னால் அனுபவிக்கணும், ஆராயக்கூடாது.

---

மாங்கனி_03 | வெள்ளி, மாலை 6:20

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி. ஜம்பர் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. படித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு நாளாகக் கோலத்தைப் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறேன்.

பின் ஃபைல் வந்துவிட்டது. ஆனால் ஃப்ளாஷ் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் பெயர்கள். ஒரு வீடியோவில் ஸ்பான்ஷன் என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், அதையே கொடுத்தேன், தேர்ந்தெடுத்த சிப் வேறு, போர்டில் இருப்பது வேறு என்கிற மாதிரி எரர் வந்து நின்றுவிட்டது. பிறகு இன்னொன்றைக் கொடுத்துப் பார்த்தேன், அழித்தல், எழுதுதல், சரிபார்த்தல் எல்லாம் முடிந்து வெற்றி என்று வந்தது. ஆனால் போர்டில் ஒன்றுமே ஓடவில்லை. டிராஃபிக் லைட்டும் இல்லை, என் கவுண்டரும் இல்லை. பயந்துபோய் அணைத்து வைத்துவிட்டேன். மறுபடி ஆன் செய்தேன், ஒன்றும் இல்லை, உடனே அணைத்துவிட்டேன். இப்படி நாலைந்து தடவை. சீனியர் ப்ராஜெக்ட்டையும் அழித்துவிட்டேன் போலிருக்கிறது.

---

லேப்_அக்கா | வெள்ளி, இரவு 8:05

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு காலேஜில் லேப் பார்த்துக்கொள்கிறேன், இதே போர்டுகள்தான், வருடத்துக்கு பத்துப் பேராவது இதே இடத்தில் வந்து நிற்பார்கள். பயப்படாதே பாப்பா. உன் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது, நீ காத்திருக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் சிப். பழைய பேசிஸ் 3 போர்டுகளில் ஸ்பான்ஷன் எஸ்25எஃப்எல்032பி இருந்தது, பின்னால் வந்தவற்றில் மேக்ரோனிக்ஸ் சிப் போட்டார்கள். வீடியோவில் இருந்தவர் போர்டு பழையதாக இருந்திருக்கும். வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே, போனில் கேமராவைப் பெரிதாக்கி, எட்டுக் கால் சின்ன சிப்பின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து அதைத் தேடு. வெற்றி என்று வந்ததால் இரண்டாவது தடவை நீ கொடுத்தது பொருந்தியிருக்கிறது.

அடுத்தது, எழுதி முடித்தவுடன் ஏன் ஒன்றும் ஓடவில்லை என்பது. ஃப்ளாஷ் சிப்புக்கு கேபிளோடு நேரடித் தொடர்பு இல்லை. விவாடோ முதலில் எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் தன் சொந்த டிசைன் ஒன்றை ஏற்றி, அதைப் பாலமாக வைத்துத்தான் ஃப்ளாஷில் எழுதுகிறது. எழுதி முடிந்த பிறகும் உள்ளே இருப்பது அந்தப் பாலம்தான், உன் கவுண்டர் இல்லை. போர்டில் ப்ராக் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை ஒரு தடவை அமுக்கினாலோ, சுவிட்சை அணைத்துப் போட்டாலோதான் ஃப்ளாஷில் இருந்து புதிதாகப் படிக்கும்.

நீ அணைத்துப் போட்டும் வரவில்லையே என்பாய். ஆன் செய்து எத்தனை விநாடி காத்திருந்தாய்? இந்த சிப்பின் பிட்ஸ்ட்ரீம் 1,75,36,096 பிட். டிசைன் 120 வரியோ 12,000 வரியோ, சுருக்காவிட்டால் அளவு அதேதான், ஏனென்றால் அது உன் நிரலின் அளவு இல்லை, சிப்பில் இருக்கும் எல்லா சுவிட்சுகளின் நிலையும் அதில் இருக்கிறது. ஒன்றும் மாற்றாமல் விட்டால் விவாடோ ஃப்ளாஷைப் படிக்கும் வேகத்தை 3 மெகாஹெர்ட்ஸ் என்று வைக்கும், ஒரு கிளாக்குக்கு ஒரு பிட். வகுத்துப் பார், கிட்டத்தட்ட 6 விநாடி. நீ அதற்குள் பயந்து அணைத்திருக்கிறாய். இப்போது ஆன் செய்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு பத்து வரை எண்ணு. டன் எல்.இ.டி. எரிந்தால் முடிந்தது.

ரிவ்யூவில் ஆறு விநாடி என்பது ஆறு நிமிடம் மாதிரி இருக்கும், அதனால் வேகத்தையும் ஏற்றிவிடு. போர்டைச் செய்யும் டிஜிலென்ட் கம்பெனி தருகிற மாஸ்டர் எக்ஸ்.டி.சி. ஃபைலின் (சிப்பின் எந்தக் கால் எதற்கு என்று சொல்வது) அடியில் கான்ஃபிக் ரேட் 33, கம்ப்ரெஸ் ட்ரூ என்று சில வரிகள் இருக்கும். எல்லோரும் மேலே இருக்கும் கிளாக், சுவிட்ச், செவன் செக்மென்ட் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டு அடியில் இருப்பதை விட்டுவிடுவார்கள். அதையும் சேர்த்து மறுபடி ஜெனரேட் செய்து எழுது. 33 மெகாஹெர்ட்ஸில் ஒரே கம்பியில் வந்தாலும் அரை விநாடிதான், சுருக்கினால் அதைவிடக் குறைவு, உன்னுடையது சின்ன டிசைன், நன்றாகவே சுருங்கும்.

அப்புறம், அந்த சீனியர் ப்ராஜெக்ட். எழுதுவதற்கு முன்னால் அதே மெனுவில் ரீட்பேக் கொடுத்திருந்தால் ஃப்ளாஷில் இருந்ததை ஒரு ஃபைலாக எடுத்து வைத்திருக்கலாம். இனிமேல் யாருடைய போர்டிலும் எழுதுவதற்கு முன் அதைச் செய். எங்கள் லேபில் டெமோ போர்டு ஒன்றை இப்படித்தான் ஒரு பையன் அழித்துவிட்டான், ஓப்பன் டேயன்று காலையில்தான் தெரிந்தது. உன் லேப் சாரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, அவராகக் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

---

ஒகேனக்கல்_பரிசல் | வெள்ளி, இரவு 9:12

லேப் கம்ப்யூட்டர், டிரைவர், பாஸ்வேர்டு இதெல்லாம் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பென்டிரைவ். எஃப்.ஏ.டி.32 ஆக ஃபார்மேட் செய்து, பிட் ஃபைலை (இங்கே பின் ஃபைல் இல்லை, பிட் ஃபைல்) எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வை. ஒரே ஒரு பிட் ஃபைல்தான் இருக்க வேண்டும். ஜே.பி.1 ஜம்பரை யு.எஸ்.பி. இடத்துக்கு மாற்றி, கீபோர்டு மவுஸ் சொருகுகிற பெரிய யு.எஸ்.பி. ஓட்டையில் பென்டிரைவைச் சொருகி ஆன் செய். போர்டே படித்து ஏற்றிக்கொள்ளும், அதற்கென்று ஒரு மைக்ரோகன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிறது. ஃப்ளாஷைத் தொடவே வேண்டாம், சீனியர்கள் டிராஃபிக் லைட்டும் பத்திரமாக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் பென்டிரைவ் சொருகியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

லினக்ஸ் இருந்தால் ஓப்பன் எஃப்.பி.ஜி.ஏ. லோடர் என்று ஒரு சின்ன டூல் உண்டு, ஏற்றுவதற்கு மட்டும் விவாடோவைத் திறந்து லேப்டாப்பை அலறவிட வேண்டாம். போர்டு பெயர் கொடுத்து பிட் ஃபைலைக் கொடுத்தால் சிப்புக்குள் ஏற்றும், கூடவே மைனஸ் எஃப் போட்டால் ஃப்ளாஷில் எழுதும். விண்டோஸிலும் ஓடும், ஆனால் அதற்காக ஜாடிக் வைத்து டிரைவரை மாற்றினால் அப்புறம் விவாடோவுக்கு போர்டு தெரியாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் தொலைத்தேன். ரிவ்யூ முடியும்வரை அந்தப் பக்கம் போகாதே.

லேப் கம்ப்யூட்டரில் போர்டு தெரியவில்லை என்றாயே, எந்த கேபிள்? போன் சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் கரண்ட் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போர்டில் லைட் எரியும், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்.

---

மாங்கனி_03 | வெள்ளி, இரவு 10:40

அக்கா!!! பத்து வரை எண்ணச் சொன்னீர்கள், ஆறு வரும்போதே எரிந்துவிட்டது. அப்புறம் அந்த கான்ஃபிக் ரேட் 33 வரியைச் சேர்த்து மறுபடி எழுதினேன், இப்போது சுவிட்ச் போட்டவுடன் பூஜ்ஜியம் வந்து நிற்கிறது. பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்பா சுவிட்ச் போய்விடப் போகிறது என்று திட்டினார்.

வீட்டில் இருப்பது டேட்டா கேபிள்தான், காலேஜுக்கு எடுத்துப் போனது அம்மாவின் சார்ஜர் கேபிள். அதனால்தானோ என்னவோ. திங்கட்கிழமை பார்க்கிறேன். லேப் சாரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

ரிவ்யூ ஹாலில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது, பவர் பேங்கில் ஓட்டலாமா?

---

ஓசூர்_பழைய_சால்டர் | சனி, காலை 7:15

ஓட்டலாம் தங்கச்சி. சுவிட்ச் பக்கத்தில் ஜே.பி.2 என்று இன்னொரு ஜம்பர் இருக்கும், அது யு.எஸ்.பி. இடத்தில் இருந்தால் போதும், கம்ப்யூட்டருக்கு போடுகிற அதே ஓட்டையில் பவர் பேங்க்கைச் சொருகிவிடலாம். ஆனால் சில பவர் பேங்குகள் குறைவாகக் கரண்ட் இழுத்தால், போன் ஃபுல் சார்ஜ் ஆகிவிட்டது என்று தானாகவே நிறுத்திக்கொள்ளும். வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போ, அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும், முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஐ.ஆர். சென்சாருக்கு எங்கிருந்து கரண்ட் கொடுக்கிறாய்?

---

மாங்கனி_03 | சனி, காலை 9:02

பழைய ஆர்டுயினோ ஒன்றின் 5 வோல்ட்டில் இருந்து, அண்ணா. சென்சார் அவுட் நேராக ஜே.ஏ. பிமாட் (போர்டின் ஓரத்தில் வெளிச் சாதனங்களைச் சொருகும் இடம்) காலில்.

---

ஓசூர்_பழைய_சால்டர் | சனி, காலை 9:06

இப்போதே கழற்று.

அந்தக் கால்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் தாங்குகிற சிப் இல்லை இது. இதுவரை பிழைத்ததே பெரிது. பிமாட்டிலேயே 3.3 வோல்ட்டும் கிரவுண்டும் வருகிறது, சென்சாருக்கு அதையே கொடு. நீலப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்த அந்தச் சாதாரண ஐ.ஆர். மாட்யூல்தான் என்றால் 3.3 வோல்ட்டிலும் வேலை செய்யும், தூரம் கொஞ்சம் குறையும், திருகிச் சரிசெய்துகொள். ஆர்டுயினோவை ரிவ்யூ மேஜையிலேயே வைக்காதே, பார்த்தவுடன் "அப்போ எஃப்.பி.ஜி.ஏ. எதுக்கு" என்று ஆரம்பிப்பார்கள்.

---

லேப்_அக்கா | சனி, காலை 11:30

அண்ணன் சொன்னதை உடனே செய். நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், ரிவ்யூவில் அணைத்துப் போடச் சொல்வார்கள், டிசைன் திரும்ப வரும், ஆனால் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் இருந்துதான் தொடங்கும். ஃப்ளாஷில் இருப்பது உன் டிசைன், அதுவரை எண்ணிய கிரேடு இல்லை. 340 கிரேடு எண்ணிய பிறகு கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் முழிக்காதே. எண்ணிக்கையையும் ஃப்ளாஷில் எழுதலாம், உன் பிட்ஸ்ட்ரீம் சுருக்காமலே 2.1 மெகாபைட்தான், 4 மெகாபைட்டில் கிட்டத்தட்ட பாதி காலியாக இருக்கிறது. ஆனால் அது செவ்வாய்க்கிழமைக்குள் முடிகிற வேலை இல்லை, அடுத்த கட்டம் என்று சொல்லிவிடு.

---

மாங்கனி_03 | செவ்வாய், மாலை 5:48

முடிந்தது. சென்சாரை 3.3க்கு மாற்றினேன், தூரம் குறைந்தது, ஆனால் வேலை செய்கிறது. லேப் சாரிடம் டிராஃபிக் லைட் விஷயத்தைச் சொன்னேன், அந்த பேட்ச் பாஸ் ஆகி இரண்டு வருடம் ஆகிறது, இப்போதுதான் ஒருத்தர் வந்து சொல்கிறீர்கள் என்றார். கேபிளை மாற்றியும் லேப் கம்ப்யூட்டரில் போர்டு தெரியவில்லை, அப்போ டிரைவரும்தான் இல்லை, பரிசல் அண்ணா.

ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்தவர் முதலில் செய்ததே சுவிட்சை அணைத்துப் போட்டதுதான். டிசைன் வந்தது. எண்ணிக்கை ஏன் போய்விட்டது என்று அக்கா சொன்ன அதே கேள்வியைக் கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். கரண்ட் போகவே இல்லை, பவர் பேங்கை வீணாகத் தூக்கிப் போனேன்.

ஆனால் நிஜ கிரேடு வைத்துப் பார்த்தபோது ஒரு கிரேடுக்கு நாலைந்து எண்ணுகிறது, கிரேடின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஐ.ஆர். போய்விட்டு வருகிறது போலிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு த்ரெட் போடுகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.